முப்பத்தெட்டு மில்லி

மாத்திரை அட்டைப்பெட்டியைக் கிழித்து
அதில் ஒரு வட்டம் வெட்டித் தந்தார் சவரிமுத்து.
பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தொரு வருஷம்
கடைசல் பிடித்த கை.
தன் வயிற்றில் டாக்டர் திறந்துவிட்ட வாயை
வெர்னியர் வைத்து அளந்திருக்கிறார் மனுஷன்.
"முப்பத்தெட்டு மில்லி.
ஒரு நூல் கூடினாலும் ஒழுகும், ஜெபமாலை."

மணிபர்சில் வைத்தேன்
ரேஷன் கார்டுக்கும் அந்தோனியார் படத்துக்கும் நடுவே.

பட்டியலில் வேறு சாமானும் உண்டு:
குக்கர் வெயிட், கால் கிலோ கடுகு, பினாயில்,
ட்யூப்லைட்டுக்கு ஒரு ஸ்டார்ட்டர்.
அதெல்லாம் திருச்சியில் கண்ணைக் கட்டிவிட்டாலும் வாங்குவேன்.
பூண்டு மொத்தத்தில் எந்தச் சந்து,
சில்லறையில் எந்தச் சந்து என்று தெரியும்.
இதற்குத் தெரு எது?

புத்தூர் ஆஸ்பத்திரி எதிரே
வரிசையாகப் பதினோரு மெடிக்கல்.
முதல் கடையில் கிசுகிசுத்தேன்,
பையன் இருமல் மருந்தை எடுத்து வைத்தான்.
நாலாவது கடையில் கொஞ்சம் உரக்க.
"பையா? பெரிய கடை வீதி போங்கம்மா."
போனேன்.
போயிருக்க வேண்டாம்தான், ஆனாலும் போனேன்.

நெற்றியில் சந்தனம் காயாத கடைக்காரர்
முதல் போணி என்று எல்லாவற்றையும் இறக்கினார்:
ஜிப் வைத்தது, ஜரிகை வைத்தது,
கயிற்றை இழுத்தால் வாய் மூடும் சுருக்குப் பை.
நூறு எடுத்தால் பெயர் அச்சடித்துத் தருவாராம்.
"வீட்ல விசேஷமா?"
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல.

வெயில் ஏறியது. ஒரு ரோஸ்மில்க் குடித்தேன்.
எட்டாவது இடமோ ஒன்பதாவதோ,
எனக்கே தெரியாமல் குரல் உயர்ந்துவிட்டது:
"பின்னால போறது எங்க வீட்டுக்காரருக்கு
முன்னால போவுது. அதைப் பிடிக்க ஒரு பை.
இந்த ஊர்ல எங்கதான் விக்கிறீங்க?"

கடையே வாயடைத்துப் போனது.
வெல்ல மூட்டையோடு வாசலைக் கடந்தவர்
மூட்டையை இறக்காமலே சொன்னார்:
"எங்க மாமாவுக்கும் அதேதான்.
சாலை ரோடு, மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி.
படி செங்குத்து, பாத்து ஏறுங்க."

கமாலுதீன் சர்ஜிகல்ஸ்.
பெயர்ப்பலகை உள்பக்கமாகத் தொங்குகிறது,
ஏறி வந்தவர்களுக்கு மட்டும்.
அவர் எதுவும் கேட்கவில்லை.
அட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்தார்,
ஓட்டையின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார்.
"யார் வெட்டினது?
கம்பெனிக்காரனே இவ்ளோ சுத்தமா வெட்டமாட்டான்."

நாலு மாதமாக
அவருக்கு என்ன வந்திருக்கிறது, எவ்வளவு செலவு,
இதைத்தான் எல்லோரும் கேட்டார்கள்.
அவர் வேலையை யாரும் பார்க்கவில்லை.
நான் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்,
கொஞ்சம் கண்ணையும்.

பத்து கேட்டேன். நாலுதான் இருந்தன.
பார்சல் வியாழக்கிழமை.
பின்னாலிருந்து ஒருத்தி, "ரெண்டு எனக்கு" என்றாள்.
லால்குடி பஸ்ஸில் வந்தவள்,
கசங்காத காட்டன், தலையில் கனகாம்பரம்.
"உங்க வீட்டுக்காரருக்கா?"
"எனக்குத்தான்."
என் கண் அவள் இடுப்புக்குப் போனதை
அவள் கண்டுகொண்டாள், கோபப்படவில்லை.
கொசுவத்தை லேசாக ஒதுக்கிக் காட்டினாள்:
மாம்பழ நிறத்தில் சின்னதாக ஒரு சுருக்குப் பை,
ஜரிகைகூட இருந்தது.
"உள்ள அதைப் போட்டு, கயிறை இழுத்துக் கட்டிருவேன்.
உடம்புல பிளாஸ்டிக் ஒட்டாது, வேர்க்காது.
பெரிய கடை வீதியில பன்னெண்டு ரூபா."

அட்டையைக் கமாலுதீன் திருப்பித் தந்தார்.
"புண்ணு ஆற ஆறச் சுருங்கும்மா.
மாசத்துக்கு ஒருக்கா அளக்கச் சொல்லுங்க."
வெர்னியருக்கு எண்ணெய் போடச் சொல்ல வேண்டும்.

இறங்கி, பஸ் பிடித்து,
மறுபடி அதே கடை.
சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது.
"வாங்கம்மா! முடிவு பண்ணிட்டீங்களா?
விசேஷம் எத்தனை பேருக்கு?"

"ஒருத்தருக்குத்தான்" என்றேன்.
"நீலத்துல ரெண்டு குடுங்க. ஜரிகை வேண்டாம்."

கடுகை மறந்துவிட்டேன்.