எடைத்தாள்

மகிபால்பூரில் டயர்க்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
இரண்டு அறை, ஒரு ஹீட்டர்.
ஒன்பது பேர் ஏறும் விமானத்துக்கு
எடைத்தாள் எழுதுவது என் வேலை.

ஆளுக்கு இவ்வளவு, பெட்டிக்கு இவ்வளவு.
வடக்கே போகப் போகக் காற்று மெலியும்.
மெலிந்த காற்று குறைவாகத்தான் சுமக்கும்.
அதனால் கழிக்கப் பழகியிருந்தேன்:
முகாமுக்குப் போகும் அரிசியில் அரை மூட்டை,
யாரோ பிள்ளைக்கு வாங்கிய சைக்கிள்.

அன்று விடியற்காலை ஐந்து மணி.
மூடுபனியில் எதிர்க்கட்டடம் இல்லை.
கேப்டன் பரூச்சா எழுபத்தொன்று.
துணை விமானி லால்ரின்புயி ஐம்பத்து மூன்று.
பனியாற்றை அளக்கப் போகிற இரண்டு பேர்,
அவர்களைவிடக் கனமான அவர்கள் கருவி.
கோவில்பட்டி மெக்கானிக் ஆவுடையப்பன்
தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில்
"அறுபத்தெட்டு போட்டுக்கம்மா,
ஸ்வெட்டரோட எழுபது" என்றார்.

கடைசியாக டாக்டர் ஹர்லீன்.
தராசு மூலையில் பேட்டரி செத்துக் கிடந்தது.
பேட்டரிக்கான வவுச்சர் கையெழுத்தாகாமல்
பத்து நாளாக மேஜையில்.
"எவ்வளவு மேடம்?"
சிரித்துக்கொண்டே அறுபத்திரண்டு என்றாள்.
கூட ஒரு நாலு இருக்குமென்று
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவளுக்கும் தெரியும்.
எழுதினேன், அறுபத்திரண்டு.
பெண்ணுக்குப் பெண் செய்கிற
சின்ன மரியாதை.

வரைபடத்தில் பெயரை நுணுக்கி எழுதியிருக்கும்
ஒரு பள்ளத்தாக்கு.
பதினொன்று நாற்பதுக்கு வரவேண்டிய
"இறங்கிவிட்டோம்" வரவில்லை.
மூன்று நாள் மேகம்.
நாலாம் நாள் ஹெலிகாப்டர்
வாலை மட்டும் பார்த்தது.

கார்கோ ஷெட்டுக்குக் கையெழுத்துப் போட
என்னைத்தான் அனுப்பினார்கள்.
அங்கே தராசு நன்றாக வேலை செய்தது.
மதுரை வரை கட்டணம் கிலோக் கணக்கில்.
ஆவுடையப்பன் பெட்டி நாற்பத்தொன்று.
மரத்தையும் தகரத்தையும் கழிக்கப் போன கையை
பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.
ஹர்லீன் பெட்டி ஏறும்போது
சீட்டு அடிக்கும் சத்தம் கேட்டது.
திரும்பிப் பார்க்கவில்லை.

விசாரணையில் ஒரே கேள்வி.
"இந்த எடையெல்லாம் கேட்டதா, நிறுத்ததா?"
"கேட்டதுதான் சார்."
அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார்.

அறிக்கை வர ஒன்றரை வருஷம்.
மேகம். தப்பான திருப்பம். சரிவு.
நாற்பத்தோராம் பக்கத்தில்
சுமை வரம்புக்குள் இருந்தது என்று ஒரு வரி.
நானும் கணக்குப் போட்டேன்,
மின்சாரப் பில்லின் பின்புறம், இருபது தடவை.
நாலு கிலோ ஒன்றுமே இல்லை.
ஒன்றுமே இல்லாத அந்த நாலு கிலோவுக்கு
எந்தத் தாளிலும் இறங்க இடமில்லை.

முனிர்க்கா சந்தில் நேற்று
தள்ளுவண்டிக்காரன் அரைக்கிலோ பட்டாணி நிறுத்து
கொசுறாக ஒரு பிடி கொத்தமல்லியைப்
பைக்குள் திணித்தான்.
அதையும் தட்டில் வை என்றேன்.
"காசு வேண்டாம் தீதி, சும்மாதான்."
வை.
விசித்திரமாகப் பார்த்துவிட்டு வைத்தான்.

முள் அசையவே இல்லை.
பின்னால் ஆள் வந்து நிற்கும்வரை
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.