படத்தின் வலது, ஆளின் இடது

சோஹார் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரக் கண்ணாடிக் கூண்டிலிருந்து
இறக்கியிருக்கிறார்கள் இவரை,
பெட்டி இறக்குவதுபோலப் பட்டை கட்டி.
இன்னாசி மச்சாடு, நாற்பத்தேழு.
ஊர் என்ற கட்டத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: இந்தியா.
கழுத்துச் சங்கிலியைக் கழற்றி உறையிலிட்டு
மேலே என் கையெழுத்தைப் போட்டேன்.

நான் படம் எடுக்கிறவள்.
இன்ன நோய் என்று சொல்ல எனக்கு உரிமம் இல்லை.
கீழிருந்து மேலாகத்தான் பார்ப்பேன்,
லிஃப்டில் தளம் தளமாக ஏறுவதுபோல.

முதலில் முகுளம். கட்டைவிரல் பருமன்.
மூச்சை இழுப்பதும் விடுவதும் அதன் பாடு,
வெள்ளிக்கிழமைகூட லீவு கேட்காத ஆள்.
பழுதில்லை.
பின்னால் சிறுமூளை, மடிப்பு மடிப்பாக.
காற்றில் ஆடும் முப்பது டன்னை
லாரி முதுகில் சத்தமில்லாமல் உட்காரவைக்க
இருபது வருடம் அந்தக் கைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது.
அதுவும் நன்றாகவே இருந்தது.
இன்னும் மேலே, நடுவில், ஒரு பாதாம்பருப்பு அளவு.
வெளியே ஜூன் மாதம் நாற்பத்தாறைத் தொட்டாலும்
உள்ளே முப்பத்தேழைத் தாண்டவிடாது.

இன்னும் இரண்டு தளம்.
இடது நெற்றிக்குப் பின்னால்
(படத்தில் வலப்பக்கம் தெரியும்,
புதிதாகச் சேர்ந்தவர்கள் குழம்புவார்கள்)
உள்ளங்கைக் குழி அளவுக்கு இருட்டு.
சொல்லை வாய்க்கு அனுப்பும் இடம்.
வலது கைக்கு உத்தரவு போவதும்
அந்தத் தெருவிலிருந்துதான்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன்.
போகவேண்டிய அவசியம் எனக்கில்லை.
அவரிடம் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது.
தண்ணீர் வேண்டுமா?
கலாஸ்.
வலிக்கிறதா?
கலாஸ்.
பேரென்ன?
நெற்றியைச் சுருக்கி, வெகுநேரம் தேடி,
சரியான விடை கிடைத்துவிட்ட நிம்மதியோடு:
கலாஸ்.
தூத்துக்குடித் தமிழ் போயிற்று.
வாக்கி டாக்கியில் கத்திக்கத்திப் பழகிய இந்தி போயிற்று.
இடிந்த வீட்டில் எந்தப் பாத்திரம் தப்பும் என்று
யாருக்குத் தெரியும்?

கோப்போடு கம்பெனி ஆள் வந்தான்.
எப்போது கூண்டில் ஏறுவார் என்று
என்னிடம் போய்க் கேட்டான்.
கலாஸ், என்றார் இவர் கட்டிலிலிருந்து.
அந்த ஒரு கேள்விக்கு மட்டும்
பதில் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.
அவன் குறித்துக்கொண்டான்.

சாயங்காலம் போன் வந்தது.
திரையில் செலீன் என்று இருந்தது.
நான்தான் பிடித்துக்கொண்டேன்,
வலது கை வேறு யாருடையதோபோல
மெத்தையில் கிடந்ததால்.
கலாஸ், என்றார்.
"அப்படின்னா என்னம்மா?"
முடிந்தது, தீர்ந்தது, போதும், அவ்வளவுதான்.
நான்கு அர்த்தம் தெரியும் எனக்கு.
நான்கையும் விழுங்கினேன்.
"இங்க எல்லாத்துக்கும் அதான்கா சொல்வாங்க."

மறுபடி சொன்னார்.
இந்தத் தடவை குறிலில் மெதுவாகக் கால் வைத்து
நெடிலில் ஏறி, நுனியில் கொஞ்சம் வளைந்து,
வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே
உள்ளே இருப்பவளைக் கூப்பிடும் தோரணையில்.

சொல் இடப்பக்கம்.
அதன் ராகம் பெரும்பாலும் வலப்பக்கம்.
அந்தப் பக்கத்தை நானே பார்த்திருக்கிறேன்,
அடி முதல் உச்சிவரை
ஒரு கீறல் கிடையாது.

"ஆங், வர்றேன்" என்றார் செலீன்,
கையைத் துடைத்துக்கொண்டே,
மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்.
அப்புறந்தான் வாயைப் பொத்திக்கொண்டார்.

என் ஷிப்டு தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.
போனைப் பிடித்தபடி நின்றேன்.