ஒன்றரை டிகிரி கோணல்

சாவோ ஜோசே, இரவு இரண்டு மணி.
மின்சாரம் மலிவான நேரத்தில்தான்
காற்றுச்சுரங்கம் எங்களுக்குக் கிடைக்கிறது.

போன வாரம் எஃகு மாதிரி. எல்லாம் ஒழுங்கு.
நுனியில் நிமிர்த்திய குட்டிச் சிறகு
சுழலை நறுக்கியது,
இழுவை நூற்றுக்கு ஐந்து குறைந்தது.
ஜான்டிரா அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள்.
யாரோ சுடச்சுட சீஸ் பன் வாங்கி வந்தார்கள்.

இன்று கார்பன் இழை மாதிரி.
வளையக்கூடியது.
விசிறி உறுமத் தொடங்கியதும்
நுனி எழுந்தது, எழுந்தபடியே
மூக்கைத் தாழ்த்தி முறுகியது;
நேராய் நின்ற குட்டிச் சிறகு
உள்பக்கம் சாய்ந்தது,
கூட்டத்தில் பக்கத்து ஆள் காதில்
ஏதோ சொல்ல வந்தவன்போல்.
ஐந்து, மூன்றானது.
பிறகு இரண்டே முக்கால்.
பன் ஆறிக் கிடந்தது.

தாங்கத் தாங்க வளைகிறது,
வளைந்ததும் நுனியில் சுமையைக் குறைத்துக்கொள்கிறது.
அதைத் தப்பென்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

ஜான்டிரா நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தாள்:
"பறக்கும்போது எப்படி இருக்க வேண்டுமோ
அப்படியே செய்து வைத்தோமே, அதுதான் பிழை."

வெள்ளிக்கிழமை, அச்சுப் பட்டறை.
ஒஸ்மார் வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்க்கிறான்.
"இது கோணல்."
ஆமாம்.
"நுனி எதிர்ப்பக்கம் முறுகிக் கிடக்கிறது."
ஆமாம், ஒன்றரை டிகிரி.
"தரையில் வைத்தால் அசிங்கமாக இருக்கும்."
இருக்கட்டும் ஒஸ்மார், மேலே போனால் நேராகும்.
கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

"போன கணக்கும் சொன்னதே" என்றான்.

பென்சிலைக் காதிடுக்கில் செருகிக்கொண்டு
கோணலை அளந்தான்,
இரண்டு முறை.