பாதை கிடைக்கவில்லை

ஹெல்டெர்மா படகுத்துறைச் சாவடியில்
கடைசிப் படகு போன பிறகு
மடிக்கணினியைத் திறப்பேன்.

முதல் மாதிரி ஐந்தே வரி.
கேட்டால் "தெரே" என்று வணக்கம் சொல்லும்.
நான்தான் கேட்டேன், அதுதான் சொன்னது,
இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை.

இரண்டாவதில்
/தெரே/மாரிகா என்று அடித்ததும்
பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
அடுத்த தட்டலில், யார் நீ?
சர்வருக்கு ஞாபகம் கிடையாதாம்,
ஒவ்வொரு முறையும் புதுசாய்க் கதவு திறக்குமாம்.
குக்கீ ஒன்றைக் கையில் கொடுத்தனுப்பு என்கிறது
மூன்றாம் மாதிரி.
நான் கிழித்துத் தரும் பாதி டிக்கெட்டும் அதுதானே.

நடுவில் ஓர் அடைப்புக்குறிக்காக
முழு ராத்திரி போயிற்று.
அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

பிப்ரவரியில் துணிந்து வெளியே விட்டேன்:
படகு நேரம் மட்டும், கறுப்பு எழுத்தில்.
விடியுமுன் பதிவேட்டில் ஒரே ஒரு வரி.
மூன்று பன்னிரண்டுக்கு யாரோ தட்டியிருக்கிறார்கள்:
/பனிப்பாதை

கடல் உறையும் ஆண்டுகளில்
தீவுக்குக் காரிலேயே போவோமே, அது.
அப்படி ஒரு முகவரியை நான் எழுதவே இல்லை.
சர்வர் தானாகச் சொல்லியிருந்தது:
404. பாதை கிடைக்கவில்லை.

ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
விளக்கடியில் கறுப்புத் தண்ணீர்,
அதன்மேல் மழை.

பிழை திருத்த உட்கார்ந்தவள்
அந்த முகவரிக்கு மூன்று வரி சேர்த்தேன்.
பதிலை மாற்றவில்லை.
அதன் கீழே மட்டும்:
முதல் படகு ஆறரைக்கு. சாவடியில் காப்பி இருக்கும்.