தீவனப் பெட்டி மூடியில் ஒட்டிய தாள்

ஹெல்டுர்,
சாவி கதவுச் சட்டத்தின் மேலே இல்லை,
சாரெமா முழுக்கத் தெரிந்த இடம் அது.
பால் கேனுக்குள் பார், பழைய உப்புப் பைக்கு அடியில்.

டிராக்டர் முதலில் இருமும். விடு.
இரண்டாம் முறை திட்டும். அப்போதும் விடு.
மூன்றாம் முறைதான் கிளம்பும்.
இடது பிரேக் சொன்ன பேச்சு கேட்காது,
தேவாலயச் சரிவில் கிளட்சை மிதித்து உருள விடாமல்
கியரிலேயே இறங்கு.
மாலையில் டீசல் தொட்டியை முட்ட நிரப்பு;
பாதி காலியாக விட்டால்
இரவுக் குளிர் அந்தக் காலியிடத்தில் நீராக வியர்க்கும்.

பின்னால் சுழலும் தண்டுக்கு உறை உடைந்திருக்கிறது.
புதியது வியாழக்கிழமைக் கப்பலில் வருகிறது.
அதுவரை எஞ்சினை அணைக்காமல் கிட்டே போகாதே.
கழுத்துத் துணியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போ.
என் அண்ணன் அர்வோவின் வலது கை
அரை நொடியில் போனது.
அவன் கவனமான ஆள்தான்.

மேல்வயலில் பனி உருகியதும் கல் முளைத்திருக்கும்.
நாற்பது வருடம் பொறுக்கியாயிற்று,
இன்னும் அதுதான் எங்கள் முதல் அறுவடை.
ஜூனிப்பர் புதர் ஓரம் குவி.
ஈர மண்ணில் மட்டும் வண்டியை இறக்காதே.
ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டு:
கயிறாக நீண்டால் வீட்டுக்குப் போ, காபி குடி.
உதிர்ந்தால் உழு.
உன் ஒரு நாள் அவசரத்தை
மண் பல வருடம் ஞாபகம் வைத்திருக்கும்.

பதினொரு ஆடுகள் இன்னும் ஈனவில்லை.
நீல வாளியில் இருப்பது மாட்டுக்கான தாது உப்பு.
ஆட்டுக்கு அதைக் காட்டவே காட்டாதே,
அதில் செம்பு இருக்கிறது, ஆட்டுக்கு நஞ்சு.
இரண்டு முன்னங்குளம்பும் மேலே ஒரு மூக்கும் தெரிந்தால்
கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நில்.
பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரமாகியும்
ஒன்றும் எட்டிப் பார்க்காவிட்டால்
சோப்பு, வெந்நீர், உன் இடது கை.
அதுதான் சின்னது. ஞாபகமிருக்கிறது.
குட்டியின் வாய்க்குள் விரல் விட்டுப் பார்,
சில்லென்று இருந்தால் பால் புகட்டாதே;
முதலில் சூடு, அப்புறம் பால்.
தொப்புளில் அயோடின்.
கடாவுக்கு முதுகு காட்டாதே.
அவனுக்குக் கமிட்டித் தலைவர் என்று பெயர் வைத்திருக்கிறேன்,
ஏனென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், வாய்க்கால்.

ஆறு வருடமாக உன் கீழ்வயல் பார்லி
முழங்கால் நீரில் நின்று அழுகுகிறது.
மழை என்றாய். விதை என்றாய்.
கமிட்டிக்கு மனு எழுதினாய்.
மழை இல்லை, ஹெல்டுர்.
வாய்க்கால் என் பக்கம் வளைகிற இடத்தில்,
மூன்றாவது பிர்ச் மரத்துக்குக் கீழே,
குழாயின் வாயில் ஒரு கல் இருக்கிறது.
தானாக உருண்டு வந்த கல் இல்லை.
அதை உருட்டிய அன்று
என் இடுப்பு நன்றாகத்தான் இருந்தது.

கடப்பாரை கதவுக்குப் பின்னால்.
தார்த்துவிலிருந்து நான் திரும்புவதற்குள் எடுத்துவிடு,
நான் பார்க்கும்படி எடுக்காதே.
அங்கே மண் ஈரம், டிராக்டர் வேண்டாம், கையாலேயே நெம்பு.
குழாய்க்கு நேர் எதிரே நிற்காதே,
அடைந்து கிடந்த நீர் முதலில் சீறும்.

நேரில் சொல்லியிருக்கலாம்.
திங்கட்கிழமை நீ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு
"ஆள் கிடைக்கலையாமே" என்று வந்து நின்றபோது
சொல்லியிருக்கலாம்.
காபி ஊற்றினேன்.
ஆடு பகையாம், குட்டி உறவாம்.
இதில் ஆடு நான்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கல்லை மற்ற கற்களோடு குவியலில் போடு.
தனியாக வைக்காதே.

முரிக்கு ராத்திரி ஒரு ரொட்டித் துண்டு போதும்.
இரண்டு கேட்கும். கண்ணைப் பார்க்காதே.

தாளைத் திருப்பினால் இரண்டு எண்கள்:
மேலே கால்நடை மருத்துவர்,
கீழே என் ஆஸ்பத்திரி.
கீழே இருப்பதற்குக் கூப்பிட அவசியமில்லை.
பேனா மங்கிவிட்டது,
கடைசி இலக்கம் ஏழு.

உர்வே