ஜெலுத்தோங், மூன்றாம் நம்பர் நாற்காலி

செவ்வாய், வியாழன், சனி.
காலை ஆறரைக்கு ஊசி.
நான்கு மணி நேரத்தில்
ஐந்து எபிசோடு பார்க்கலாம்,
முன்கதைச் சுருக்கத்தைத் தள்ளிவிட்டால்,
தூங்காமல் இருந்தால்.
இடது கை மெஷினுக்கு,
வலது கை கைப்பேசிக்கு.

போன மாதம் முடித்தது ஒரு மருத்துவமனைத் தொடர்.
பதினாறு எபிசோடிலும் ஓட்டம்.
அங்கே யாரும் உட்கார்ந்து காத்திருப்பதில்லை,
பார்க்கிங் கிடைக்காமல் மூன்று சுற்று சுற்றி
மகனைத் திட்டிக்கொண்டே நுழைகிறவர் இல்லை.
ரத்தம் வந்தால் கூடவே வயலின் வருகிறது.
என்னுடையது
உடம்பை விட்டு வெளியே போய்
கழுவிக்கொண்டு திரும்பி வருகிறது,
பின்னணி இசை இல்லாமல்,
காலையில் பசாருக்குப் போய் வருவதைப் போல.

அதற்கு முன்னால் ஒரு மாமியார் தொடர்.
ஆயிரத்துச் சொச்சம் எபிசோடு.
ஒரு கன்னத்தில் அறை விழுந்தால்
ஏழு முகங்களை மும்மூன்று தடவை காட்டுகிறார்கள்.
அதற்குள் எங்கள் மிஸி தமயந்தி
மூன்று பேருக்கு பிரஷர் பார்த்து எழுதிவிடுவார்.
ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்,
மருமகள் வைத்த சாம்பாரை வாயில் விட்டு,
கண் கொஞ்சம் விரிந்து,
நல்லாயிருக்கு என்று வந்ததை விழுங்கிவிட்டு
உப்பு பத்தலை என்றாளே அந்த மாமியார்,
அந்த அரை நொடிக்காக
மற்ற ஆயிரத்தையும் மன்னிக்கலாம்.
உப்பு எனக்கு விலக்கு என்பதால் சொல்லவில்லை.

மன்னிக்க முடியாதது தண்ணீர்.
எந்த நாட்டுத் தொடரானாலும்
யாரோ யாருக்கோ ஊற்றுகிறார்கள்.
அவர் ஒரு வாய் வைக்கிறார், அதுகூட இல்லை,
ஏதோ சண்டை வந்து எழுந்து போய்விடுகிறார்.
தம்ளர் அங்கேயே நிற்கிறது.
கேமரா நகர்ந்துவிடும்.
நான் நகர்வதில்லை.
எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்,
மாத்திரை, கோப்பி, ரசம் எல்லாம் சேர்த்து.

பக்கத்து நாற்காலி தேக் ஹுவாட்.
பாயான் லெப்பாஸ் ஃபாக்டரியில்
முப்பது வருடம் குறை கண்டுபிடிக்கிற வேலை.
அவருக்குத் தமிழ் தெரியாது, என் ஹொக்கியன் அரைகுறை,
இரண்டு பேருக்கும் மலாய் சப்டைட்டில்.
ஒரே துப்பறியும் தொடரைப் பிடித்தோம்.
பனி கொட்டும் ஊர், ஏரியில் பிணம்,
இன்ஸ்பெக்டருக்கு விவாகரத்து.
எந்த ஊரிலும் இன்ஸ்பெக்டருக்கு விவாகரத்துதான்.

அவர் எப்போதும் ஒரு எபிசோடு முன்னால்.
முன்னால் போகிறவர் சும்மா போவாரா,
டாக்டர் செத்துவிடுவான் என்றார் ஒருநாள்.
நான் மூன்று எபிசோடு அழத் தயாராக இருந்தேன்.
டாக்டர் சாகவில்லை.
தேக் ஹுவாட் சிரித்த சிரிப்பில் கை அசைந்து
மெஷின் கத்தியது.
மிஸி இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

போன வாரம் அவரை மாலை ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள்.
மகள் வேலை முடிந்து காரில் கொண்டுவர அதுதான் தோதாம்.
நல்லதுதான்.
அவர் நாற்காலியில் இப்போது ஒரு பையன்.
பந்தாட்டம் மட்டும் பார்க்கிறான்,
கோல் விழுந்தாலும் பேச்சில்லை.

இன்று பிரஷர் பார்க்க வந்த மிஸி
மடித்த காகிதம் ஒன்றைத் தந்தார்.
எடைச் சீட்டின் பின்பக்கம், மலாயில், கொட்டை எழுத்தில்:
நீலச் சட்டைக்காரன்தான் கொலைகாரன்.

பாவி மனுஷன்.
நான் ஆறாவதில்தான் இருக்கிறேன்.
நீலச் சட்டைக்காரன் இப்போதுதான் வருகிறான்,
ஏரிக்கரையில் யார் வீட்டு நாய்க்கோ ரொட்டி போடுகிறான்.
நம்புவதா?
நேரில் சொன்னால் புருவத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பேன்.
காகிதத்துக்குப் புருவம் இல்லை.

நீலச் சட்டைக்காரன் வீட்டுக்குள் போகிறான்.
தண்ணீர் ஊற்றுகிறான்.
குடிக்கிறான், நின்றபடியே, முழுவதும்,
அண்ணாந்து கடைசிச் சொட்டுவரை,
தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான்.

இவன் கொன்றிருக்க மாட்டான்.

மிஸியிடம் பேனா வாங்கி
அதே சீட்டில் கீழே எழுதினேன்:
பொய்க்காரா, சனிக்கிழமைக்குள் பதில் போடு.

மெஷினில் இன்னும் நாற்பது நிமிடம்.
ஏழாவது எபிசோடு நாற்பத்தெட்டு.