கால்மிதி டிரம்

வெடியால நாலு மணிக்கு
பதினஞ்சு வேலம்பாளையத்துல நல்லதண்ணி வந்துட்டுப் போயிருச்சு.
இனி பதினோரு நாள் ஆகும்.
குடம், அண்டா, பெயிண்டு பக்கெட்டு,
கைப்பிடி போன குக்கர் வரைக்கும்
ரொப்பி வெச்சிருக்குது தெரு.

டார்ச்சும் நோட்டும் சாக்பீஸுமா
நான் போறேன்.

"ஏனுங்கம்மணி, மறுக்காவுமா?"
பூவாயக்கா கேட்டைத் தொறக்காமயே கேக்குறாங்க.
அந்தக் கேட்டுல நாலு மூலையிலயும் காஞ்ச பசை.
உள்ள வராதீங்கன்னு நோட்டீஸ் ஒட்டுனது நாந்தான்.
பதினாலு நாள் அவிய ஊட்டுக்குப் பால்காரன்கூட வரல.
காயிதம் போயிருச்சு.
கரண்டியில சொரண்டிப் பாத்திருக்காங்க,
பசை போகல.

"அதுதான் போயிருச்சுல்ல, இன்னும் என்ன?"
போயிருச்சுங்க.
என்ர நோட்டுல
ஊட்டு நம்பருக்குக் கட்டம் இருக்குது,
பாத்திரத்துக்கு, புழுவுக்கு, காய்ச்சலுக்கு இருக்குது.
போயிருச்சுங்கறத எழுதத்தான்
கட்டம் இல்லீங்க.

அண்டாவுல ஒரு டம்ளர் மொண்டு
வெயில்ல காட்டுறேன்.
ஓவர்லாக் மெசின்ல தெறிக்குற நூல் துணுக்காட்டம்
துள்ளுது.
"அட, இதா?" ங்குறாங்க பூவாயக்கா,
"இது எப்பவுமே இருக்குறதுதான?"

அதுக்கு எனக்கு இன்னும் பதில் வரல.

சந்துக் கடைசியில பனியன் கம்பெனி.
செக்யூரிட்டி ரூமுக்குப் பொறத்தால
நீல டிரம் ஒண்ணு.
இடது கால் மிதிச்சாத் தண்ணி, வலது கால் மிதிச்சாச் சோப்பு.
அது வந்த அன்னிக்குப் போட்டோ எடுத்தாங்க.
மாஸ்க்குக்குள்ள சிரிச்சுட்டு
ஓரத்துல நானும் நிப்பேன்.

மிதி துருப்பிடிச்சுப் போச்சு.
மூடியக் காணோம்.
ஐப்பசி மழை மட்டும்
கழுத்து வரைக்கும் நிக்குது.
டார்ச் அடிச்சேன்.
எண்ண முடியல.

கவுக்கப் போனா
மேனேஜர் கிட்டுசாமி ஓடியாராரு.
"அம்மணி, அதைத் தொடாதீங்க!
அடுத்த வாரம் ஆடிட்டு.
கை கழுவுற எடம் எங்கன்னு
வெளிநாட்டுக்காரன் கேப்பான்."

மாடி ஹாஸ்டல்ல ஒடிசாப் புள்ளைக.
நாலு பேருக்குக் காய்ச்சல்.
வைரல்னு மாத்திரை குடுத்து
மூணு பேரை ஷிப்டுக்குத் தாட்டியுட்டாங்க.
மிச்சம் தாரிணி.
எனக்கு அவ பாசை தெரியாது,
அவளுக்கு என்ர பாசை தெரியாது.
எங்க வலிக்குதுன்னு கையக் காட்டிக் கேட்டேன்.
ரெண்டு வெரலைக் கண்ணு மேல வெச்சு
உள்ள, இன்னும் உள்ளன்னு
அழுத்திக் காட்டுனா.

கீழ எறங்கி வந்து கவுத்துட்டேன்.
ஒத்தையா முடியல,
செக்யூரிட்டி தாத்தா ஒரு தள்ளுத் தள்ளுனாரு.
கிட்டுசாமி போன்ல யாரையோ கூப்புட்டுட்டே இருந்தாரு.
தண்ணி சாக்கடையில போச்சு,
நொய்யலுக்குத்தான் போகும்.
வெறும் டிரம் ஒருக்கா உருண்டு
பேரல் கம்பெனிச் சுவத்துல முட்டி நின்னுச்சு.

காய்ச்சல் கட்டத்துல நாலுன்னு எழுதி
ஆபீசுக்குச் சொன்னேன்.
"நாலு தான?" ன்னாங்க.
அப்பறம், "எந்த வார்டு?"
அப்பறம், கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

ரெண்டு மாசக் கூலி பாக்கி.
பொழுதோட ஊட்டுக்கு வந்து
செருப்பைக் கழட்டறப்பத்தான் நெனப்பு வருது.
நாலு மணித் தண்ணி புடிக்க எந்திரிக்கல நானு.
சமையக்கட்டுல நிக்குறது
போன வாட்டி புடிச்ச தண்ணி.
மூடி
பையன் கிரிக்கெட் ஸ்டம்புக்கு முட்டுக் குடுத்தது
இன்னும் வாசல்லதான் கெடக்குது.

டார்ச்சை அணைக்காமயே
உள்ள போறேன்.